‘இறங்கு’ என்பதற்கு எதிர்ச்சொல் எத்தனை?

‘இறங்கு’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். ‘ஏறு’ என்று உடனே பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அதே வேகத்தில் இன்னும் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விமானம் தரையிறங்கியது. இதற்கு எதிர்? ‘தரையேறியது’ என்று ஒருவரும் சொல்வதில்லை. அவர் தேர்தல் களத்தில் இறங்கினார். இதற்கு எதிர்? ‘களத்தில் ஏறினார்’ என்றால் சிரிப்பார்கள். பிடிவாதமாக இருந்தவர் கொஞ்சம் இறங்கி வந்தார். ‘ஏறிப் போனார்’ என்று திருப்பிச் சொல்ல முடியுமா?

எதிர்ச்சொல் என்றாலே சிறுவயதில் மனப்பாடம் செய்த இரண்டு பத்திப் பட்டியல்தான் நம் நினைவுக்கு வருகிறது. இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு கோடு. அந்தப் பட்டியலில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறக்கும்போதே ஓர் எதிரி குறித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தை அது நமக்குள் விதைத்துவிடுகிறது. மொழி அப்படி நடந்துகொள்வதில்லை. கீழ்நோக்கிய அசைவைச் சொல்லும் வினைகளை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். இறங்கு, விழு, தாழ், சரி, வடி, இழி என்று தமிழில் இவை நிறையவே இருக்கின்றன. எல்லாமே கீழே போவதைச் சொல்பவை. எல்லாவற்றுக்கும் ஒரே எதிர் என்றால் மட்டும் பொருந்தி வராது.

ஒரே ஏணியில் இரண்டு பேர்

எதிர்ச்சொற்கள் ஒன்றுக்கொன்று முழுக்க வேறுபட்டவை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மை கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. எதிர்ச்சொற்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சொற்கள்.

ஓர் ஏணியில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மேலே போகிறார், இன்னொருவர் கீழே வருகிறார். இருவர் காலும் அதே படிகளில்தான் படுகிறது. இருவரும் நிதானமாக, தன் விருப்பப்படி, கையால் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறார்கள். வேறுபாடு ஒன்றே ஒன்று: திசை. ‘ஏறு’, ‘இறங்கு’ இரண்டும் எதிரானவையாக இருப்பதற்குக் காரணம், அவற்றுக்குள் மற்ற எல்லாமே ஒன்றாக இருப்பதுதான். ‘இறங்கு’ என்பதற்கு ‘பாடு’ எதிர் ஆகுமா? ஆகாது. இரண்டும் சம்பந்தமே இல்லாத சொற்கள். அவை ஒரே ஏணியில் நிற்கவில்லை.

ஒரு சொல்லின் பொருளுக்குள் அடங்கியிருக்கும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன அம்சங்களைப் பொருட்கூறுகள் என்று சொல்லலாம். ‘இறங்கு’ என்பதைப் பிரித்துப் பார்த்தால் அசைவு, செங்குத்தான போக்கு, கீழ்த்திசை, படிப்படியான வேகம் ஆகிய கூறுகள் கிடைக்கும். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது கூடவே சொந்தக் கட்டுப்பாடும் இருக்கும். இவற்றில் ஒரே ஒரு கூறை மட்டும் திருப்பிப்போட்டு, மற்றவற்றை அப்படியே விட்டால் கிடைப்பதுதான் எதிர்ச்சொல்.

‘இல்லை’ என்பது எதிர் ஆகாது

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. மறுப்பையும் எதிரையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது.

‘அவன் இறங்கவில்லை’ என்று யாராவது சொன்னால் அவன் ஏறினான் என்று பொருள் இல்லை. அவன் நடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஏணிப் பக்கமே வராமல் இருந்திருக்கலாம். மறுப்பு ஒரு கதவை மூடுகிறது, அவ்வளவுதான். எதிர்ச்சொல் எதிர்ப்பக்கத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறது.

தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை ஓரிடத்தில் அழகாகப் பயன்படுத்தியிருக்கிறது. உயர்திணை என்று ஒன்று இருந்தால், அதன் மறுபக்கம் ‘தாழ்திணை’ என்றோ ‘இழிதிணை’ என்றோ இருந்திருக்கலாம். ஆனால் நமக்குக் கிடைத்திருப்பது அஃறிணை. அல் + திணை, அதாவது அது அல்லாத திணை. மேலே ஒன்றை வைத்தவர்கள் மற்றதைக் கீழே தள்ளாமல் ‘அது இல்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பெயர் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

எதிர்களில் வகை உண்டு

எல்லா எதிர்ச்சொற்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சிலவற்றுக்கு நடுவே இடம் உண்டு. சூடு, குளிர் இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுப்பு இருக்கிறது. உயரம், குட்டை இரண்டுக்கும் நடுவில் நடுத்தர உயரம் இருக்கிறது. இவை படிநிலை எதிர்கள். வேறு சிலவற்றுக்கு நடுவே எதுவும் கிடையாது. இரட்டைப்படை எண், ஒற்றைப்படை எண் என்பவை அப்படிப்பட்டவை. ஒரு முழு எண் இரண்டில் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும்.

நம் ‘இறங்கு’, ‘ஏறு’ இணை இந்த இரண்டிலும் சேராது. இவை திசை எதிர்கள். ஒரே பாதையில் எதிரெதிர்த் திசைகளில் நகர்வதைச் சொல்பவை. போ × வா, நுழை × வெளியேறு போன்றவையும் இந்தக் குடும்பம்தான்.

ஒரே நிகழ்வை இரண்டு பக்கமிருந்து பார்த்துச் சொல்லும் எதிர்களும் உண்டு. வாங்குவது × விற்பது இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. ஒருவர் விற்காமல் இன்னொருவர் வாங்க முடியாது. நம் இணையிலிருந்தே பிறந்த ஏற்றுமதி × இறக்குமதி என்ற சொற்கள் இந்த வகைக்கு மாறிவிட்டது ஒரு சுவையான செய்தி. சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் திசை எதிர்கள். ஆனால் ஒரு நாட்டின் ஏற்றுமதியே இன்னொரு நாட்டின் இறக்குமதி. அதே பெட்டிதான், அதே பயணம்தான். எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. சரக்கு தரை வழியே லாரியில் போனாலும், மேல் கீழ் என்று எதுவுமே இல்லாவிட்டாலும் இந்தச் சொற்கள்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எதிர்ச்சொல் என்பது ஒரே ஒரு கூறில் மட்டும் திரும்பி நிற்கும் நெருங்கிய உறவு. மறுப்பு அதற்கு ஈடாகாது. ‘இறங்கு’ சேர்ந்திருக்கும் வகை திசை எதிர். இனி உள்ளே போகலாம்.

இறங்குவதும் விழுவதும் ஒன்றா?

மாடியிலிருந்து ஒருவர் இறங்கினார். மாடியிலிருந்து ஒருவர் விழுந்தார். இரண்டிலும் திசை ஒன்றுதான். ஆனால் முதல் செய்தியைக் கேட்டு யாரும் பதறுவதில்லை. ‘விழு’ என்பதில் கட்டுப்பாடு என்ற கூறு இல்லை. வேகத்தை விழுபவர் தீர்மானிப்பதில்லை, புவியீர்ப்புதான் தீர்மானிக்கிறது.

அப்படியானால் ‘விழு’ என்பதற்கு எதிர் என்ன? திசையை மட்டும் திருப்பினால் ‘கட்டுப்பாடில்லாமல், தானாக, வேகமாக மேலே போ’ என்று ஒரு வினை கிடைக்க வேண்டும். மனிதர்களுக்கு அப்படி நடப்பதில்லை. அதனால் அதற்கென்று தனியாக ஒரு சொல்லும் தோன்றவில்லை. கிளையிலிருந்து பழம் விழுகிறது. தரையிலிருந்து கிளைக்குப் போகும் பழம் உலகத்திலேயே இல்லை என்பதால் அந்த வினைக்கு எதிர்வினையும் இல்லை. நடக்காத காரியத்துக்கு மொழி பொதுவாகச் சொல் செய்து வைத்துக்கொள்வதில்லை.

சரி, ஆனால் விழு × எழு என்று படித்திருக்கிறோமே? அது தப்பில்லை. அங்கே நாம் பார்ப்பது வேறொரு கூறு. ஓடிக்கொண்டிருந்த குழந்தை விழுந்தது, எழுந்தது. நிற்கும் நிலையிலிருந்து கிடக்கும் நிலைக்குப் போவது விழுதல். கிடக்கும் நிலையிலிருந்து நிற்கும் நிலைக்கு வருவது எழுதல். பாதையைப் பார்க்காமல் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் பார்க்கிறோம். அதனால்தான் மாடியிலிருந்து விழுந்தவர் எழுந்தார் என்றால் அவர் மறுபடி மாடிக்குப் போய்விட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. விழுந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றார் என்றுதான் பொருள்.

விழுவது எது என்பதைப் பொறுத்தும் எதிர் மாறும். பந்து விழுந்தால் எம்பும். மரம் சாய்ந்தால் அதற்கு எதிர் நிமிர்வது. பேரரசுகளைப் பற்றிப் பேசும்போது வீழ்ச்சிக்கு எழுச்சி எதிராக வருகிறது. பொருளாதாரம் பேசும்போது அதே வீழ்ச்சிக்கு வளர்ச்சி எதிராக வருகிறது.

விலைகளைப் பற்றிப் பேசும் மொழியில் வேகம் என்ற கூறு எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது என்று பார்க்கலாம். விலை இறங்கியது என்றால் மெல்லக் குறைந்தது என்று புரிந்துகொள்கிறோம். விலை சரிந்தது, விலை விழுந்தது என்றால் ஒரேயடியாகக் குறைந்தது என்று பொருள். மேலே போகும்போதும் இதே இரண்டு வேகங்கள் இருக்கின்றன. மெல்ல என்றால் ஏறியது, திடீரென்று என்றால் எகிறியது. ஆகவே இறங்கியது × ஏறியது ஓர் இணை. சரிந்தது × எகிறியது இன்னோர் இணை. இவற்றை மாற்றிப்போட்டால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் காது ஏற்றுக்கொள்ளாது.

‘தாழ்’ இன்னொரு விதம். அதற்கு எதிர் ‘உயர்’. இந்த இரண்டிலும் நகர்ச்சியைவிட நிலைதான் முக்கியம். பறவை தாழப் பறக்கிறது என்றால் அது கீழே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள் இல்லை, கீழ்மட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறது. உயரப் பறப்பதும் அப்படித்தான். ஏறுவதும் இறங்குவதும் பயணம் என்றால், உயர்ந்திருப்பதும் தாழ்ந்திருப்பதும் இருப்பிடம்.

மேலே போகாமலே ஏறலாம்

அடுத்து, இந்த இணையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

பத்தாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வர வேண்டும். என்ன செய்கிறோம்? லிஃப்டில் ஏறுகிறோம். லிஃப்டின் தளமும் மாடியின் தளமும் ஒரே மட்டம். ஒரு விரற்கடை கூட நாம் உயரவில்லை. போகப்போவதும் கீழே. ஆனாலும் ‘ஏறினேன்’ என்றுதான் சொல்கிறோம். தரைத்தளம் வந்ததும் லிஃப்டிலிருந்து ‘இறங்குகிறோம்’. அங்கேயும் மட்டம் மாறவில்லை.

படகுத்துறை மேடை நீர்மட்டத்தைவிட உயரமாக இருந்தால் காலைக் கீழே வைத்துத்தான் படகுக்குள் போக முடியும். அப்போதும் ‘படகில் ஏறினான்’ என்பதே வழக்கு. தாழ்வான காருக்குள் நுழைய உடம்பையே குனிய வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ‘காரில் ஏறு’தான்.

இங்கே ‘ஏறு’ என்பதன் பொருட்கூறுகளில் உயரம் பின்னுக்குப் போய், வேறொன்று முன்னுக்கு வந்திருக்கிறது: நம்மைச் சுமந்து செல்லும் ஒன்றுக்குள் புகுதல். ‘இறங்கு’ என்றால் அதிலிருந்து வெளிவருதல். ஒரு காலத்தில் வாகனம் என்பது குதிரையோ யானையோ வண்டியோ கப்பலோ. அவற்றின் மேல் உண்மையாகவே ஏற வேண்டியிருந்தது. வாகனங்கள் மாறின, வினை மாறவில்லை. இரண்டு சொற்களும் சேர்ந்தே இந்தப் புதுப்பொருளுக்கு வந்தன என்பதைக் கவனியுங்கள். எதிர்ச்சொற்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஒன்று இடம்பெயர்ந்தால் பெரும்பாலும் மற்றதும் கூடவே போகும்.

இதனால் ஒரு விசித்திரமும் நடக்கிறது. ஆற்றில் குளித்துவிட்டு வெளியே வருபவர் கரையேறுகிறார். கப்பலில் வந்தவர் கரையிறங்குகிறார். இருவரும் போய்ச் சேரும் இடம் ஒன்றே, கரை. ஒருவருக்கு ‘ஏறு’, இன்னொருவருக்கு ‘இறங்கு’. குளித்தவருக்குத் தண்ணீரிலிருந்து மேட்டுக்கு வரும் உயரம் கணக்கு. கப்பல் பயணிக்குச் சுமந்து வந்ததை விட்டு வெளியே வருவது கணக்கு. ஒரே இடத்துக்கு வருவதை எதிர்ச்சொற்கள் இரண்டாலும் சொல்ல முடிகிறது என்றால், எதிர்மை என்பது அகராதியில் தனியாக நிற்கும் சொல்லில் இல்லை, அது பேச வரும் காட்சியில் இருக்கிறது என்றுதானே பொருள்?

கணினி வந்த பிறகு இந்த இணைக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது: பதிவேற்றம், பதிவிறக்கம். நம்மிடமுள்ள கோப்பைத் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புவது ஏற்றம், அங்கிருந்து எடுத்துக்கொள்வது இறக்கம். தொலைவிலுள்ள கணினி மேலே இருப்பதாக ஒரு கற்பனை, அவ்வளவுதான். ஆனால் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லாரியில் ஏற்றிய மூட்டையை இறக்கினால் லாரி காலி. பதிவேற்றிய கோப்பைப் பதிவிறக்கினால்? அங்கேயும் இருக்கும், இங்கேயும் இருக்கும். பதிவேற்றியதை இல்லாமல் ஆக்க விரும்பினால் பதிவிறக்கிப் பயனில்லை, நீக்க வேண்டும். ஆகவே திசையில் பார்த்தால் பதிவேற்று × பதிவிறக்கு. விளைவை அழிப்பது என்று பார்த்தால் பதிவேற்று × நீக்கு. எந்தக் கூறைத் திருப்புகிறோம் என்று முடிவு செய்யாமல் ‘எதிர் என்ன’ என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம்.

பக்கத்துச் சொல் மாறினால் எதிரும் மாறும்

ஒரு சொல் வழக்கமாக எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறதோ அந்தக் கூட்டுக்குச் சொற்சேர்க்கை என்று பெயர். எதிர்ச்சொல்லைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. ‘ஏறு’ என்ற வினையை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

விஷம் ஏறினால் இறங்கும். காய்ச்சல் ஏறினால் இறங்கும், தணியும், விடும் என்று மூன்று விதமாகவும் சொல்லலாம். போதை ஏறினால் இறங்கும், தெளியவும் செய்யும். ஆனால் கோபம் தலைக்கேறினால் இறங்குவதில்லை, தணிகிறது. வெள்ளம் ஏறினால் வடிகிறது. வெயில் ஏறினால் தாழ்கிறது. ‘வெயில் தாழ வா’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ‘வெயில் இறங்க வா’ என்பது அவ்வளவு இயல்பாக இல்லை. கொடியை ஏற்றினால் இறக்கலாம். விளக்கை ஏற்றினால்? அணைக்கத்தான் முடியும். விளக்கை இறக்கினார் என்றால் மாட்டியிருந்த இடத்திலிருந்து கீழே எடுத்து வைத்தார் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள்.

ஏன் இப்படி? கோபத்தோடு ‘ஏறு’ சேர்ந்து வந்தாலும் அங்கே சூடும் கொந்தளிப்பும் கலந்திருக்கின்றன. சூட்டுக்கும் கொந்தளிப்புக்கும் எதிரானது தணிவு. வெள்ளம் நீர். நீர் குறையும் விதத்துக்குத் தமிழில் ‘வடி’ என்று தனி வினை ஏற்கெனவே இருக்கிறது. விளக்கை ஏற்றுவதில் உயரம் என்ற கூறு கரைந்துபோய், தீ மூட்டுவது என்ற பொருள்தான் நிற்கிறது. தீக்கு எதிர் அணைப்பு. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு தனி ஏணி. அந்த ஏணியில் எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

‘இறங்கு’ பக்கமும் இதே கதைதான். விமானம் தரையிறங்கினால், எதிர் கிளம்புவது அல்லது மேலெழும்புவது. பதவி இறக்கம் என்றால் எதிர் பதவி உயர்வு. ‘பதவி ஏற்றம்’ என்பது வழக்கில் இல்லை. ‘பதவியேற்பு’ என்று ஒன்று உண்டு. ஆனால் அது வேறு வினை. அங்கே இருப்பது ‘ஏல்’ என்ற வினை, பெற்றுக்கொள்வது என்று பொருள். அதற்கு எதிர் பதவி விலகல். எழுத்தில் ‘ஏற்’ என்று பார்த்ததும் ‘ஏறு’ என்று எடுத்துக்கொண்டு எதிராக ‘இறங்கு’ என்று எழுதுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

களத்தில் இறங்கு, தொழிலில் இறங்கு, வேலையில் இறங்கு என்பவற்றில் ‘ஈடுபடத் தொடங்கு’ என்பதே பொருள். நீரில் இறங்குவதுபோல உள்ளே புகுவது. அதனால் எதிர் ஒதுங்கு, விலகு, பின்வாங்கு. இறங்கி வந்தார் என்பதில் விட்டுக்கொடுத்தல்தான் பொருள். அதற்கு எதிர் விடாப்பிடியாக நின்றார், முறுக்கிக்கொண்டார்.

சுருக்கமாகச் சொன்னால், சொல்லுக்கு எதிர் தேடும் முன்பு அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். வாக்கியம் இல்லாமல் கேட்கப்படும் கேள்விக்குப் பொதுவான விடை ஒன்று இருக்கும், அது ‘ஏறு’. வாக்கியம் வந்துவிட்டால் அந்தப் பொது விடை பல இடங்களில் செல்லாது.

தானே செய்வதும் செய்ய வைப்பதும்

இது சின்ன விஷயம்தான், ஆனால் தேர்வுத்தாள்களில் மதிப்பெண்ணைத் தின்னும். எழுவாய் தானே செய்யும் செயலைத் தன்வினை என்றும், பிறரையோ பிறவற்றையோ செய்ய வைப்பதைப் பிறவினை என்றும் சொல்கிறோம். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. ஏறு, ஏற்று. தாழ், தாழ்த்து. எழு, எழுப்பு. விழு, வீழ்த்து. எதிர்ச்சொல் எழுதும்போது இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இறங்கு × ஏற்று என்று எழுதினால் திசையோடு சேர்த்துச் செய்பவரையும் மாற்றிவிட்டோம் என்று ஆகிறது. இரண்டு கூறுகள் ஒரே நேரத்தில் திரும்பினால் அது எதிர் இல்லை.

ஏற்ற இறக்கமும் ஏற்றத்தாழ்வும்

எதிர்ச்சொற்கள் ஒன்றாகக் கைகோத்து ஒரே சொல்லாகவும் வரும். அப்போது எந்த எதிரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பொருளையே மாற்றிவிடும். இதற்கு ‘ஏற்றம்’ என்பதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஏற்றத்தோடு இறக்கத்தைச் சேர்த்தால் ஏற்ற இறக்கம். பங்குச்சந்தையில் ஏற்ற இறக்கம், குரலில் ஏற்ற இறக்கம். ஒன்றே ஒன்று மேலும் கீழும் மாறிக்கொண்டிருக்கிறது. அதே ஏற்றத்தோடு தாழ்வைச் சேர்த்தால் ஏற்றத்தாழ்வு. சமூகத்தில் ஏற்றத்தாழ்வு, வருமானத்தில் ஏற்றத்தாழ்வு. இங்கே எதுவும் மேலும் கீழும் அசையவில்லை. சிலர் மேலே இருக்கிறார்கள், சிலர் கீழே இருக்கிறார்கள், அது அப்படியே நீடிக்கிறது. முன்னே சொன்ன பயணம், இருப்பிடம் என்ற வேறுபாடு இங்கே முழு உருவில் நிற்கிறது. சமூகத்தில் ‘ஏற்ற இறக்கம்’ என்று ஒருவர் எழுதினால் அவர் வேறு எதையோ சொல்கிறார்.

இணைச் சொற்களில் வரிசையும் இருக்கிறது. ஏற்ற இறக்கம் என்கிறோம், ‘இறக்க ஏற்றம்’ என்பதில்லை. உயர்வு தாழ்வு, மேடு பள்ளம், மேலும் கீழும் என்று மேல்பக்கமே முந்திக்கொள்கிறது. அளவைக் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது. முழங்கால் அளவே உள்ள சுவரைப் பார்த்தும் ‘எவ்வளவு உயரம்’ என்றுதான் கேட்கிறோம். ‘எவ்வளவு தாழ்வு’ என்று கேட்பதில்லை. எதிர்ச்சொற்கள் இரண்டும் சம எடை உள்ளவை என்று பட்டியல் சொல்லும். பேச்சில் ஒன்று எப்போதும் கொஞ்சம் பெரியண்ணன்.

சில நேரம் இணை சேர்ந்த பிறகு திசையே காணாமல் போய்விடும். ‘ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினேன்’ என்பதில் படிக்கட்டு முக்கியமில்லை, அலைச்சல்தான் முக்கியம்.

பழைய ‘இழி’

இன்றைக்கு ‘இழிவு’ என்றால் கேவலம் என்று மட்டும்தான் நினைக்கிறோம். எதிர் கேட்டால் மேன்மை, உயர்வு என்போம். ஆனால் பழந்தமிழில் ‘இழி’ என்பது சாதாரணமாக இறங்கு என்றே பொருள்படும் வினை. தேரிலிருந்து இழிவதும் மலையிலிருந்து அருவி இழிவதும் வெறும் கீழ்நோக்கிய அசைவுகள். அந்தப் பொருளில் அதற்கு எதிர் ஏறு.

இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடம் ஒன்று திருக்குறளில் இருக்கிறது.

“தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர்
நிலையின் இழிந்தக் கடை.”

முதல் அடியில் இழிந்தது மயிர். தலையிலிருந்து கீழே விழுந்தது, கண்ணால் பார்க்கக்கூடிய அசைவு. இரண்டாம் அடியில் இழிந்தவர் மனிதர். தம் நிலையிலிருந்து தாழ்ந்தது, கண்ணுக்குத் தெரியாத அசைவு. ஒரே வினை, இரண்டு ஏணிகள். முதல் ‘இழிந்த’ என்பதற்கு எதிர் கிடையாது, உதிர்ந்த மயிர் திரும்பி ஏறாது. இரண்டாவதற்கு ‘உயர்ந்த’ என்பது எதிர்.

இதற்கு முந்தைய குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: “பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.” பெருக்கத்துக்குச் சுருக்கம் எதிர் என்பது பட்டியலில் உள்ளது. ஆனால் உயர்வுக்கு எதிரே நிற்பது தாழ்வு இல்லை, பணிதல். செல்வம் பெருகும்போது தாழ்ந்துபோகச் சொன்னால் அது வேறு அறிவுரை ஆகிவிடும். விரும்பித் தலை குனிவதுதான் இங்கே வேண்டும். கட்டுப்பாடு என்ற கூறு உள்ளே இருக்க வேண்டும் என்பதால் ‘தாழ்தல்’ விலகி, ‘பணிதல்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. செய்யுளில் எதிரெதிரானவற்றை அமைத்துப் பாடும் முரண்தொடை பற்றிப் பேசும் தொல்காப்பியம் “மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே” என்கிறது. சொல்லால் முரணுவதையும் பொருளால் முரணுவதையும் அது தனித்தனியே எண்ணுகிறது.

வடமொழியிலிருந்து வந்து இசையில் நிலைத்துவிட்ட ஆரோகணம் (சுரங்கள் ஏறும் வரிசை), அவரோகணம் (இறங்கும் வரிசை) இரண்டையும் இங்கே சொல்லிவிடலாம். இரண்டிலும் உள்ள வேர் ஒன்றே, அதன் பொருள் ஏறுதல், வளர்தல். முன்னொட்டுதான் திசையைச் சொல்கிறது. ‘அவ’ வந்தால் கீழே. இறங்கி வருதல் என்று பொருள்படும் அவதாரத்தில் இருப்பதும் அதே ‘அவ’தான். தமிழில் ஏறு, இறங்கு என்று இரண்டு தனி வேர்கள் செய்யும் வேலையை அங்கே ஒரே வேர் இரண்டு தொப்பி மாட்டிக்கொண்டு செய்கிறது.

எதிரே இல்லாத இடங்கள்

வயது ஏறும். அதற்கு எதிர் வினை இல்லை. கிரிக்கெட்டில் விக்கெட் விழும். விழுந்த விக்கெட் எழுவதில்லை. துணியில் ஓட்டை விழும், தைத்தால் ‘ஓட்டை எழுந்தது’ என்று சொல்வதில்லை, அடைபட்டது என்கிறோம். விழுந்து விழுந்து சிரிப்பவருக்கு எதிராக எழுந்து எழுந்து அழுபவர் கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் வினை தன் திசையை இழந்து, பக்கத்துச் சொல்லோடு ஒட்டி ஒரே பொருளாகிவிட்டது. எதிர் வேண்டுமென்றால் அந்த முழுத் தொடருக்கும் சேர்த்துத்தான் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் இல்லை என்று விட்டுவிடலாம், அதில் குறையொன்றும் இல்லை.

கடைசியாக எழுத்துப் பிழையால் வரும் ஒரு குழப்பம். ‘மனம் இரங்கு’ என்பதில் வருவது சின்ன ‘ர’. இது பரிவு காட்டுவதைச் சொல்லும் தனி வினை, இரங்கல் என்ற சொல் இதிலிருந்துதான் வருகிறது. கீழே வருவதோடு இதற்குச் சம்பந்தமில்லை. இதைப் பெரிய ‘ற’ போட்டு ‘மனம் இறங்கினார்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் எதிர்ச்சொல்லாக ‘மனம் ஏறினார்’ என்பது சரியா என்று தடுமாறுபவர்கள் உண்டு. மனம் இரங்கியவருக்கு எதிரே நிற்பவர் மனம் இரங்காதவர், நெஞ்சை இறுக்கிக்கொண்டவர். அவர் எந்த ஏணியிலும் ஏறவில்லை.